ஐக்யூ நம்பர் வாங்கப் போகாதீர்கள், கேள்வியோடு போங்கள்

என் அக்கா மகன் ஏற்காட்டில் நான்காம் வகுப்பு படிக்கும்போது, "பையனுக்கு ஐக்யூ டெஸ்ட் எடுத்து வரவும்" என்று டைரியில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். ஏன் எடுக்க வேண்டும், யாரிடம் எடுக்க வேண்டும், எடுத்து வந்தால் என்ன செய்யப்போகிறார்கள், ஒன்றும் இல்லை. மச்சானுக்கு எஸ்டேட் வேலை, அப்போது காப்பிப் பழம் பறிக்கிற நேரம், லீவு கேட்கவே முடியாது. அதனால் கீழே சேலத்தில் குகை என்கிற பகுதியில் இருக்கிற தாய்மாமன் நான் அலைந்தேன். நான் டாக்டர் இல்லை, கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். அந்த அலைச்சலிலும், அதற்கப்புறம் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குத் துணைக்குப் போனதிலும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை எல்லாமே தப்பாகப் போனது. விடியற்காலை பஸ்ஸில் பையனைக் கூட்டிக்கொண்டு அக்கா கிளம்பிவிட்டாள். ஏற்காட்டு மலையில் 20 கொண்டை ஊசி வளைவு. இவன் எப்போதும் போர்டைப் பார்த்து 20, 19, 18 என்று எண்ணிக்கொண்டே இறங்குவான், அன்றைக்கு 11-லேயே வாந்தி. பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுத்த இட்லியைத் தொடவில்லை. அப்படியே நேராக ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனோம், முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தான், கையில் ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள். ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவு, 74. கீழே கையெழுத்து, சீல், அவ்வளவுதான். பள்ளியில் அதைப் பார்த்து "ஸ்லோ லேர்னர்" என்று முடிவு கட்டி, கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து வேறு ஒருவர், இரண்டு நாள் உட்கார வைத்து, முறையாகச் செய்தார். யோசிக்கும் திறன் வயதுக்குச் சரியாக இருக்கிறது, ஓரிரண்டு விஷயத்தில் கொஞ்சம் மேலேகூட. வாசிப்பும் எழுத்தும் மட்டும் இரண்டாம் வகுப்பு அளவில் நிற்கிறது என்று தெரிந்தது. பையன் மாறவில்லை. கேட்ட விதம் மாறியிருந்தது.

முதலில் உங்கள் கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

பிள்ளைக்கு "டெஸ்ட் எடுக்க வேண்டும்" என்பது ஒரு கேள்வியே இல்லை. பட்டறைக்கு வந்து "வெள்ளியைப் பாருங்க" என்று யாராவது சொன்னால் நான் என்ன பார்ப்பேன்? எடையா, தரமா, பற்றவைத்த இடமா? அது மாதிரிதான். வாயில் சொன்னால் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறவன் பேப்பரில் ஏன் நாலு வரிக்கு மேல் எழுத மாட்டேன் என்கிறான், கணக்கின் வழிமுறை தெரிந்தும் எண்ணை ஏன் மாற்றி எழுதுகிறாள், வகுப்பில் கனவு காண்கிறாளே அது கவனக் குறைவா, காது கேட்காததா, வீட்டுச் சண்டையா. இப்படி இரண்டு மூன்று கேள்வி எழுதி, அதைத்தான் சைக்காலஜிஸ்ட்டிடம் முதலில் கொடுக்க வேண்டும். எந்த டெஸ்ட் வைப்பது என்று அதைப் பார்த்துத்தான் அவர் தேர்ந்தெடுப்பார். கடைசியில் ரிப்போர்ட் கையில் வரும்போது நீங்கள் சரிபார்க்க வேண்டியதும் அதே தாளைத்தான்: என் கேள்விக்குப் பதில் வந்திருக்கிறதா?

இந்த ஐக்யூ டெஸ்டே அப்படி ஒரு கேள்வியில் பிறந்ததுதான். 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே என்பவர் சைமன் என்பவரோடு சேர்ந்து முதல் அளவுகோலை உண்டாக்கியது, பள்ளியில் யாருக்குத் தனி உதவி தேவை என்று கண்டுபிடிக்க. யார் முதல், யார் கடைசி என்று வரிசை போடுகிற வேலையெல்லாம் பின்னால் வந்தவர்கள் செய்தது. பினேயின் அந்த டெஸ்டைக் காமத் என்பவர் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றினார், இன்றைக்கும் நம்மூர் ரிப்போர்ட்டுகளில் "பினே-காமத்" என்று பெயரைப் பார்க்கலாம்.

இரண்டு விதமான மதிப்பீடு, குழப்பிக்கொள்ளாதீர்கள்

படிப்பு சம்பந்தப்பட்டது உளவியல்-கல்வி மதிப்பீடு. அறிவுத்திறன், வாசிப்பு, எழுத்து, கணக்கு, கவனம், நினைவு, பள்ளியிலும் வீட்டிலும் நடத்தை, இவற்றை அளந்து, இந்தப் பிள்ளை எப்படிக் கற்கிறது, எங்கே தட்டுகிறது என்று சொல்வது. இன்னொன்று நரம்பியல் உளவியல் மதிப்பீடு. மூளையில் ஏதாவது நடந்திருக்கிறது அல்லது நடக்கிறது என்ற சந்தேகம் இருக்கும்போது செய்வது: தலையில் அடி, வலிப்பு, பக்கவாதம், மறதி நோய், மூளைக் கட்டி ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும். ஸ்கேன் மூளையின் படத்தைக் காட்டும். அந்த மூளையை வைத்துக்கொண்டு ஆள் என்ன செய்ய முடிகிறது, எதில் திணறுகிறார் என்பதை இந்த மதிப்பீடுதான் காட்டும். வலிப்பு இருக்கிற பிள்ளை படிப்பிலும் பின்தங்கினால் இரண்டும் கலந்து தேவைப்படும், அதை டாக்டரே சொல்வார். இரண்டிலுமே ஊசி கிடையாது, மிஷின் கிடையாது. மேசை, தாள், பென்சில், சில கட்டைகள், படங்கள், ஸ்டாப் வாட்ச், எதிரே ஓர் ஆள்.

யாரிடம் போவது

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் குழுமம், அதாவது ஆர்சிஐ-யில் பதிவு வேண்டும். எம்.ஃபில் மருத்துவ உளவியல், இல்லாவிட்டால் சை.டி மாதிரி அங்கீகாரம் பெற்ற படிப்பு முடித்தவர்களுக்குத்தான் அந்தப் பதிவு. ரிப்போர்ட்டின் கீழே அந்தப் பதிவு எண் இருக்கும், ஆர்சிஐ இணையதளத்தில் அதைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். "கவுன்சிலிங் டிப்ளமா" மட்டும் முடித்தவர் தங்கமான மனுஷராக இருக்கலாம், பேசினால் மனசு லேசாகலாம், ஆனால் அவர் எழுதிக் கொடுத்த ஐக்யூ தாள் நாளைக்குச் சான்றிதழ் வாங்கும் இடத்தில் நிற்காது. எங்கள் முதல் தாளில் பதிவு எண்ணே இல்லை. எனக்கு அப்போது அதைத் தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

சேலத்தில் இருப்பவர்கள் முதலில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டுக் கேட்கலாம். சின்னக் குழந்தை என்றால் குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து தொடங்குவதே நல்லது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் வட்டார வள மையம் உண்டு, அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், அவர்கள் நடத்தும் மருத்துவ முகாமில் பிள்ளையைக் காட்டலாம். மலைமேல் நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் இருப்பவர்கள் கீழே இறங்குவதற்கு முன் தலைமையாசிரியரிடம் "முகாம் எப்போது" என்று கேட்டுவிடுங்கள், ஒரு நாள் கூலி மிச்சம்.

சிக்கலான கேஸ், முக்கியமாக நரம்பியல் பக்கம் என்றால், நம்மூர் ஆட்கள் பெங்களூரு நிம்ஹான்ஸுக்குத்தான், அதாவது மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குத்தான் போவார்கள். சுமார் 200 கிலோமீட்டர், சேலம் பஸ் போகிற அதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. தனியாரிடம் போனால் ஃபோனிலேயே மூன்று விஷயம் கேளுங்கள். மொத்தம் எத்தனை தடவை உட்கார வைப்பீர்கள், எழுத்து ரிப்போர்ட்டுக்கும் சேர்த்தா கட்டணம், ரிப்போர்ட்டை உட்கார்ந்து விளக்குவீர்களா. மூன்றாவதுக்குத் தயங்கினால் அடுத்த இடத்தைப் பாருங்கள். "அரை மணி நேரத்தில் முடிச்சிடலாம் சார்" என்றால் கட்டாயம் அடுத்த இடம்.

போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

கண்ணும் காதும் முதலில். இதைச் சொன்னால் எல்லோரும் "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள், எங்கள் அக்காவும் அப்படித்தான் சொன்னாள். பலகையே மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்கு வாசிப்புக் குறைபாடு என்று எழுதி வாங்கிவருவதில் என்ன லாபம்? மலைமேல் குளிரில் காதில் சீழ் வைத்துக்கொண்டு பாதி கேட்டும் கேளாமலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. இரண்டையும் பார்த்து, அந்தச் சீட்டையும் ஃபைலில் வையுங்கள்.

ஃபைலில் இன்னும் என்ன: பிறந்தபோது நடந்தது (எடை, மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, எத்தனை மாதத்தில் பிறந்தது), எப்போது நடந்தான், எப்போது பேசினான், வலிப்பு, தலையில் அடி, சாப்பிடும் மாத்திரைகள், இரண்டு மூன்று வருஷத்து மார்க் ஷீட், பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் அதுவும். பள்ளி நோட்டு கட்டாயம் வேண்டும். அழகாகக் காப்பி எழுதிய நோட்டு வேண்டாம், அவனே சொந்தமாக எழுதியது, சிவப்பு மையில் சுழித்தது. எங்கள் மாப்பிள்ளை நோட்டில் "கோவில்" எல்லாம் "கேவில்", "தோட்டம்" எல்லாம் "தேட்டம்". முன்னால் வருகிற கொம்பைப் போட்டுவிடுவான், எழுத்துக்குப் பின்னால் வருகிற காலை விட்டுவிடுவான். புள்ளி வைப்பதே கிடையாது. நாங்கள் நாலு வருஷமாக அதைப் "பொறுப்பில்லாத்தனம்" என்று சொல்லித் திட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாவது தடவை பார்த்த சைக்காலஜிஸ்ட் அம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, ஒரே மாதிரித் தப்பு எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். பொறுப்பில்லாதவன் தினம் ஒரு தினுசில் தப்பு செய்வான், இவன் ஒரே தப்பை ஒழுங்காகச் செய்கிறான் என்றார்.

வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். கவனக் குறைவு, அதாவது ஏடிஎச்டி சந்தேகம் என்றால் வீட்டுக்கு ஒரு படிவம், ஆசிரியருக்கு ஒரு படிவம் கொடுப்பார்கள், ஏனென்றால் வீட்டில் மட்டும் குதித்து வகுப்பில் சமர்த்தாக இருந்தால் கதை வேறு. ஆசிரியர் நிரப்பித் தர இழுத்தடிப்பார். விடாமல் கேளுங்கள்.

மொழி விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்கிற பிள்ளைகள் சேலத்தில் ஏராளம். தெலுங்கு பேசும் வீடு, கன்னடம் பேசும் வீடு, சௌராஷ்டிரம் பேசும் வீடு. அதோடு மூன்றாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் இருந்துவிட்டுத் திடீரென்று இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியவனுக்கு இங்கிலீஷில் டெஸ்ட் வைத்தால் என்ன வரும்? பிள்ளைக்கு நன்றாக வருகிற மொழியில் வையுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சரியாகச் சொல்லிக் கொடுக்கப்படாததாலோ, பள்ளிக்கே போகாததாலோ வருகிற பின்தங்கலைக் கற்றல் குறைபாடு (யோசிக்கும் திறன் இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் மட்டும் திணறுவது) என்று எழுதக் கூடாது, நல்ல சைக்காலஜிஸ்ட் இதைத்தான் முதலில் துருவித் துருவிக் கேட்பார்.

அப்புறம் அந்த நாள். மலையிலிருந்து வருபவர்கள் முதல் நாள் சாயங்காலமே இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். இரண்டாவது தடவை இவன் எங்கள் வீட்டில் தங்கினான், ராத்திரி தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன், நன்றாகத் தூங்கினான், காலையில் மூன்று தோசை. சளி, காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். கண்ணாடி போடுகிறவன் கண்ணாடியோடு போகட்டும். தினம் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்துவதா, கொடுப்பதா என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், நாமாக முடிவெடுக்கக் கூடாது.

பிள்ளையிடம் என்ன சொல்வது? பரீட்சை என்று சொல்லாதீர்கள், விளையாட்டு என்று பொய்யும் வேண்டாம், கொஞ்ச நேரத்தில் அவனுக்கே தெரிந்துவிடும். "மாப்ளே, உனக்கு எது ஈஸியா வருது, எது கஷ்டமா இருக்குன்னு ஒரு அம்மா கண்டுபிடிப்பாங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, திட்ட மாட்டாங்க" என்றேன். "ஊசி?" என்றான். இல்லை என்றதும் சரி என்று கிளம்பிவிட்டான்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. யூடியூபில் டெஸ்ட் கேள்விகளைத் தேடி எடுத்துப் பழக்கிவிட்டுக் கூட்டிப்போவது. அப்படிச் செய்தால் அளவே பொய்யாகிவிடும், உதவி தேவைப்படுகிற பிள்ளைக்கு உதவி கிடைக்காது. உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை நான் இங்கே எழுதாததும் அதனால்தான். இதே காரணத்துக்காக, ஒரே டெஸ்டைச் சில மாதத்துக்குள் திரும்ப வைக்க மாட்டார்கள். பழைய தாள் பிடிக்கவில்லை என்று அடுத்த வாரமே வேறு இடத்தில் எடுக்கப்போனால், முன்னால் எடுத்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்

முதலில் பெற்றோரோடு நீளமாகப் பேச்சு. அப்புறம் பிள்ளை மட்டும். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் என்று இரண்டு மூன்று நாளாகப் பிரித்துச் செய்வது வழக்கம், நடுவில் தண்ணீர், பிஸ்கட், நடை. டெஸ்டுகளின் பெயர்கள் காதில் விழும்: அறிவுத்திறனை அளக்க, 6 முதல் 15 வயது வரை மாலின் என்பவர் இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்த மிசிக், வெக்ஸ்லர் அளவுகோலின் இந்தியப் பதிப்பு, படக் கட்டங்களை வைத்துச் செய்யும் ரேவன், அன்றாட வேலைகளைத் தானே செய்கிறானா என்று பெற்றோரைக் கேட்கும் வைன்லேண்ட், கற்றல் குறைபாட்டுக்கு நிம்ஹான்ஸ் தொகுப்பு, ஆட்டிசம் சந்தேகத்துக்கு ஐஎஸ்ஏஏ. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாமும் கிடையாது.

மதிப்பெண்ணை மட்டுமில்லாமல், எப்படிச் செய்கிறான் என்பதையும் குறித்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பையன் கட்டைகளை வைத்து வடிவம் அடுக்குகிற பகுதியை ஸ்டாப் வாட்ச் ஓடி முடிவதற்குள் முடித்துவிட்டு, அடுத்தது அடுத்தது என்று கேட்டிருக்கிறான். எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னால் நேராக ஐந்து எண் வருகிறது, பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் இரண்டோடு நின்று விடுகிறது, மூன்றாவதுக்கு விரலால் தொடையில் எழுதிப் பார்க்கிறான். வாசிக்கச் சொன்னதும் தாகம் எடுக்கிறது, ஒன்றுக்கு வருகிறது. இவ்வளவும் ரிப்போர்ட்டில் இருந்தது. அதைப் படித்தபோதுதான் வீட்டிலும் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் இவனுக்குத் தாகம் எடுக்கும் என்று அக்காவுக்கு ஞாபகம் வந்தது.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

ஐக்யூ அளவுகளில் 100 நடு. 85-லிருந்து 115-க்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் வந்துவிடுவார்கள். 70-க்குக் கீழே போய், அன்றாட வேலைகளிலும் வயதுக்கேற்ற திறன் இல்லை என்றால்தான் அறிவுசார் குறைபாடு என்பார்கள், எண் மட்டும் போதாது. ஆனால் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து உட்கார்ந்துவிடாதீர்கள். அதற்குக் கீழே உட்பிரிவுகள் இருக்கும், பேச்சு வழிப் புரிதல், பார்த்துப் பகுத்தறிவது, கேட்டதை அந்த நேரத்துக்கு மனசில் பிடித்துவைக்கிற நினைவு, வேகம். ஒன்று 112, இன்னொன்று 76 என்று ஏறி இறங்கி இருந்தால் சராசரிக்கு அர்த்தமே குறைவு. தலையில் ஐஸ், காலில் நெருப்பு, சராசரியில் சூடு சரியாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. எங்களுக்குப் பலன் கிடைத்ததே அந்த மேடு பள்ளத்தில்தான்: காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் வாசித்தால் சிக்குகிறது, நாலு கட்டளையை ஒரே மூச்சில் சொன்னால் இரண்டுதான் நிற்கிறது. அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது தானாக வந்துவிட்டது. பாடத்தை வாசித்துக் காட்டு, ஒவ்வொரு கட்டளையாகச் சொல், வாய்வழியாகவும் கேள்வி கேள்.

"சதமானம்" என்று ஓர் எண் இருக்கும். 30-வது சதமானம் என்றால் 100-க்கு 30 மார்க் என்று நினைத்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே வயதுப் பிள்ளைகள் 100 பேரை வரிசையாக நிறுத்தினால் 30 பேரைவிட முன்னால் நிற்கிறான் என்று பொருள், அது சராசரிக்குள்தான் வரும்.

70-க்கும் 85-க்கும் நடுவில் வருகிற பிள்ளைகள்தான் பாவம். சட்டப்படி சான்றிதழ் கிடைக்காது, வகுப்போடு ஓடவும் முடியாது. அவர்களுக்கு ரிப்போர்ட்டின் பரிந்துரைப் பகுதிதான் ஒரே பிடி. அது இரண்டு வரியில் "டியூஷன் தேவை" என்று முடிந்திருந்தால் திரும்பிப் போய், வீட்டில் என்ன, வகுப்பில் என்ன, எத்தனை மாதம், திரும்ப எப்போது பார்ப்பது என்று விவரமாக எழுதிக் கேளுங்கள். காசு கொடுத்தது அதற்குத்தான்.

பள்ளிக்கு முழு ரிப்போர்ட்டையும் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. வீட்டுச் சண்டை, அப்பா குடிப்பது, பிரசவ விவரம் எல்லாம் அதில் இருக்கும். முடிவும் பரிந்துரையும் மட்டும் உள்ள ஒரு சுருக்கக் கடிதம் கேட்டு வாங்கி, அதைக் கொடுங்கள்.

பெரியவர்களுக்கும் தேவைப்படும்

என் நண்பன் ஒருவன் கொண்டலாம்பட்டிப் பக்கம் பைக்கில் விழுந்தான், ஹெல்மெட் இல்லை. மூன்று மாதத்தில் ஸ்கேன் சரியாகிவிட்டது என்றார்கள். ஆள் மட்டும் சரியாகவில்லை. ஜவுளிக்கடையில் பில் போடுகிறவன், ஃபோன் அடித்தால் போட்ட கணக்கை மறந்துவிடுவான், எதற்கெடுத்தாலும் கோபம். வீட்டில் "நடிக்கிறான், வேலைக்குப் போக மனசில்லை" என்றார்கள். நரம்பியல் உளவியல் மதிப்பீட்டில், நினைவு பெரிய பழுதில்லாமல் இருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்வதும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும், சட்டென்று வருகிற வார்த்தையை அடக்குவதும்தான் அடிபட்டிருக்கிறது என்று வந்தது. கோபமும் அதிலிருந்துதான். முதலாளியிடம் அந்தத் தாளைக் காட்டி, ஆறு மாதம் கவுன்ட்டர் வேண்டாம், பின்னால் சரக்கு எண்ணுகிற வேலை கொடுங்கள் என்று கேட்டோம், கொடுத்தார். அவன் மனைவி அன்றைக்குத்தான் அவனைத் திட்டுவதை நிறுத்தினாள். விபத்து இழப்பீட்டு வழக்கு நடந்தால் இந்த ரிப்போர்ட் அங்கேயும் உதவும். அடிபட்ட கையோடு எடுத்தால் நிலைமை மாறிக்கொண்டே இருக்கும், எப்போது எடுப்பது என்று நரம்பியல் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

வயதானவர்களின் மறதிக்கும் இதே வழி, ஆனால் அதற்கு முன் தைராய்டு, பி12 குறைவு, காது, மனச்சோர்வு எல்லாவற்றையும் டாக்டர் பார்த்துவிட வேண்டும், இவை மறதி நோய் மாதிரியே வேஷம் கட்டும். இன்னொன்று, படிப்பு. பள்ளிக்கூடமே போகாத, ஆனால் பத்துப் பேர் சீட்டுக் கணக்கை மனசிலேயே வைத்திருந்த அப்பத்தாவைப் பட்டதாரிகளுக்கான அளவுகோலில் அளந்தால் நோயே இல்லாமல் நோய் வந்துவிடும். நிம்ஹான்ஸின் 2004-ஆம் வருஷத்து நரம்பு உளவியல் தொகுப்பில் வயது, பாலினம், கல்வி வாரியாக ஒப்பீட்டு அளவுகள் இருப்பது இதனால்தான். அப்பத்தா எத்தனாவது வரை படித்தாள், என்ன வேலை செய்தாள் என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

சான்றிதழும் சலுகையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீடு, அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். அதே சட்டத்தின் 17-வது பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. சிபிஎஸ்இயில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அதைப் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வருகிற நேரத்தில் தொடங்கினால் நடக்காது, ஒன்பதாவதிலேயே தொடங்குங்கள்.

சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட்டே சான்றிதழ் ஆகிவிடாது. அதை வைத்து மருத்துவக் குழு பார்த்துச் சான்று கொடுக்கும், யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் பதியலாம். சேலத்தில் சந்தேகம் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். கற்றல் குறைபாட்டுக்கு 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் 8 வயதுக்கு மேல்தான் சான்று, பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை எழுத்தைக் கண்ணாடி பிம்பம் மாதிரி திருப்பிப் போடுகிறது என்று சான்றிதழுக்கு ஓடாதீர்கள், அந்த வயதில் அது சகஜம். உதவியை மட்டும் உடனே தொடங்கலாம், அதற்குச் சான்று தேவையில்லை.

அக்காவுக்கு இதில் எல்லாம் பெரிய பயம், "அட்டை வாங்கினால் நாளைக்குப் பொண்ணு கொடுப்பாங்களா" என்று கேட்டாள். பத்து வயதுப் பையனுக்கு! வாங்குவதும் வாங்காததும் அவரவர் இஷ்டம், வாங்கினால் ஒவ்வொரு இடத்திலும் காட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று சொன்னேன். மூன்று மாதம் யோசித்தாள். அந்த மூன்று மாதம் அவளுக்குத் தூக்கமே இல்லை, யாரோ சொல்லி 14416-க்கு, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி நம்பருக்கு, அவளே ஒரு ராத்திரி ஃபோன் செய்து தமிழில் பேசியிருக்கிறாள். எனக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அப்புறம் வாங்கினோம்.

அசல் ரிப்போர்ட்டையும் சான்றிதழையும் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். மச்சான் ஆசையாகக் கொண்டுபோய், ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் பளபளவென்று செய்துவிட்டார். அடுத்த தடவை போன இடத்தில் அதன் பின்னால் எழுதிச் சீல் வைக்க வேண்டும் என்றார்கள், பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லை, 20 வளைவும் ஏறிப் போய் நகலுக்கு எழுதிக் கொடுக்கத் திரும்ப இறங்கி வந்தோம்.